செய்திக்கு விலை கொடுப்பவர் யார்?

சென்ற ஆண்டு கார்த்திகை மழையின்போது எங்கள் வகுப்பில் நடந்த ஒரு நிகழ்ச்சியை முதலில் கூறிவிடுகிறோம். அதில் எங்களுக்குப் பெருமை ஒன்றும் இல்லை. ஆயினும் இக்கட்டுரை பிறந்த கதை அதுதான்.

ஒருநாள் இரவு, மறுநாள் பள்ளிகளுக்கு விடுமுறை என மாவட்ட ஆட்சியர் அறிவித்ததாக ஒரு படம் எங்களுள் ஒருத்தியின் வீட்டுக் கைப்பேசிக்கு வந்தது. அதில் அரசு முத்திரை இருந்தது, கையொப்பமும் இருந்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. வேறென்ன சான்று வேண்டும்? அவள் நான்கு பேருக்கு அனுப்பினாள். அந்த நான்கு பேர் வகுப்பு முழுவதற்கும் அனுப்பினார்கள். பொழுது விடிந்தது, மழை ஓய்ந்தது, பள்ளி மணி வழக்கம்போல் அடித்தது. வகுப்பில் பாதிப் பெஞ்சுகள் காலியாக இருந்தன. அன்று நடந்த கணிதத் தேர்வை எழுதாமல் போனவர்களுள் இக்கட்டுரையை எழுதும் எங்களில் சிலரும் உண்டு. அந்தப் படம் முந்தைய ஆண்டின் அறிவிப்பு என்பதும், தேதி இருந்த மேற்பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள் என்பதும் பிறகுதான் தெரிந்தன.

மறுநாள் எங்கள் வகுப்பாசிரியையான சிஸ்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "இதை உங்களுக்குச் சொன்னது யார்?" என்று மட்டும் கேட்டார்கள்.

"அவள் அனுப்பினாள், சிஸ்டர்."

"அவளுக்கு?"

"அவளுடைய அத்தை."

"அத்தைக்கு?"

அதற்குமேல் எங்களுக்குத் தெரியவில்லை. செய்தி வந்திருந்தது, அதற்குப் பொறுப்பேற்க ஒருவரும் இல்லை. "அப்படியானால், பொறுப்போடு செய்தி சொல்பவர் யார், அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார் என்று படித்துவிட்டு வாருங்கள்" என்றார்கள். அவ்வாறு படித்துத் தெரிந்துகொண்டதைத் தோழியர்க்கும் பெற்றோர்க்கும் இங்கே எடுத்துரைக்கிறோம்.

பழைய கணக்கு

எங்கள் தோழி ஒருத்தியின் தந்தை நாளிதழ் முகவர். விடியற்காலை மூன்றரை மணிக்கெல்லாம் பேருந்து நிலையத்தில் கட்டுகளை இறக்கி, எண்ணிப் பிரித்து, இணைப்பிதழ்களைச் செருகி, சைக்கிள் பையன்களிடம் கொடுத்து அனுப்புவார். அவரிடம்தான் எங்கள் முதல் பாடம் தொடங்கியது. "மாதக் கடைசியில் நீங்கள் கொடுக்கிற பணத்தில் நாளிதழ் நடக்கிறது என்றா நினைக்கிறீர்கள்?" என்று கேட்டு அவர் சிரித்தார்.

காகிதம், மை, அச்சு இயந்திரம், வண்டி, முகவரின் கழிவு, நிருபரின் ஊதியம், பிழை திருத்துபவரின் ஊதியம் ஆகிய அனைத்தையும் கூட்டிப் பார்த்தால், நாம் கொடுக்கும் விலை அதற்குக் காணாது. மிச்சத்தைக் கொடுத்தவர் விளம்பரதாரர். ஜவுளிக்கடையின் முழுப்பக்க விளம்பரம் ஒரு பக்கம்; 'மணமகன் தேவை', 'வீடு வாடகைக்கு', 'வேலைக்கு ஆள் தேவை' என்னும் வரி விளம்பரங்கள் இன்னொரு பக்கம். வாடகை வீடு தேடியவருக்கும் நகராட்சிக் கூட்டத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆனால் வீட்டுக்காரர் கட்டிய விளம்பரப் பணத்தில்தான் ஒரு நிருபர் நகராட்சிக் கூட்டத்தில் போய் அமர்ந்து குறிப்பெடுத்தார். செய்தியின் விலையை வேறொருவர் செலுத்தி வந்ததால், செய்தி மலிவானது என்று நாம் நெடுங்காலம் எண்ணிவிட்டோம்.

இந்தக் கணக்கு எப்படிக் குலைந்தது? அதை விளக்க எத்தனையோ நாளேடுகளின் கதைகள் உள்ளன. ஒரே ஏட்டின் வாழ்வில் எல்லா மாற்றங்களையும் காட்டும் ஒரு கதையை நாங்கள் தேர்ந்துகொண்டோம். அது அமெரிக்காவில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் கதை.

ஒரு நகரமும் அதன் ஏடும்

1837-ஆம் ஆண்டு அந்நகரில் 'பிக்கயூன்' என்னும் நாளேடு தொடங்கப்பட்டது. பிக்கயூன் என்பது அங்கே புழங்கிய ஒரு சிறு ஸ்பானிய நாணயம். ஏட்டின் விலை அந்த ஒரு நாணயம். அதுவே அதன் பெயருமாயிற்று.

1876-இல் அதன் உரிமையாளர் இறந்தார். ஏட்டின் தலைமேல் சுமார் 80,000 டாலர் கடன் இருந்தது. அவர் மனைவி எலிசா ஜேன் ஒரு கவிஞர். அதே ஏட்டில் இலக்கியப் பகுதியைக் கவனித்து ஊதியம் பெற்றவர். உயர்குடிப் பெண் செய்தித்தாள் அலுவலகத்துக்குப் போவதா என்று உறவினர் முகம் சுளித்த காலம் அது. கடனைக் காட்டிக் கைகழுவிவிட அவருக்கு வழி இருந்தது. அவரோ ஏட்டைத் தாமே ஏற்று நடத்தத் துணிந்தார். அமெரிக்காவின் பெரிய நாளேடு ஒன்றின் உரிமையாளராக இருந்து நடத்திய முதற்பெண்மணி என இன்று அவர் போற்றப்படுகிறார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஏட்டின் வணிக மேலாளர் நிக்கல்சனை மணந்து, இருவருமாகக் கடனை அடைத்தனர்.

எலிசா ஜேன் நிக்கல்சன் செய்த மாறுதல் என்ன தெரியுமா? ஏட்டில் பெண்களுக்கும் சிறுவர்க்கும் பகுதிகள் ஒதுக்கினார். குடும்பம் முழுவதும் படிக்கும் ஏடு என்றால் விளம்பரமும் பெருகும் அன்றோ! எலிசபெத் கில்மர் என்ற இளம்பெண்ணுக்கு எழுத்துப் பணி தந்தவரும் அவரே. அப்பெண்தான் பிற்காலத்தில் 'டாரதி டிக்ஸ்' என்ற புனைபெயரில் வாசகர்களின் குடும்பச் சிக்கல்களுக்கு யோசனை கூறி உலகெங்கும் அறியப்பட்டவர். எலிசா 1896-இல் மறைந்தார். 1914-இல் அவ்வேடு வேறொரு நாளேட்டுடன் இணைந்து 'டைம்ஸ்-பிக்கயூன்' ஆயிற்று. ஆசிரியர் மாறினாலும், உரிமையாளர் மாறினாலும், தினந்தோறும் காலையில் ஏடு வாசலில் விழுவது மட்டும் மாறவில்லை.

வெள்ளம் வந்த நாள்

நியூ ஆர்லியன்ஸின் ஏறத்தாழப் பாதி கடல்மட்டத்துக்குக் கீழே உள்ளது. கரைகளே அதைக் காக்கின்றன. பெரும்புயல் வந்தால் அக்கரைகள் தாங்குமா என்று 2002-ஆம் ஆண்டு ஜூன் மாதம் டைம்ஸ்-பிக்கயூன் ஐந்து பகுதிகளாக ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டு எச்சரித்தது. மூன்றே ஆண்டுகளில், 2005 ஆகஸ்ட் 29 அன்று, கத்ரீனா புயல் வந்தது. கரைகள் உடைந்தன. நகரத்தில் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கியது.

அன்றிரவு ஊழியர்களும் அவர்கள் குடும்பத்தார் சிலருமாக ஏறத்தாழ 240 பேர் அலுவலகத்திலேயே தங்கியிருந்தனர். மறுநாள் காலை நீர் ஏறிவரவே, நாளிதழ்க் கட்டுகளைச் சுமக்கும் வண்டிகளில் அவர்களே ஏறி வெளியேறினர். ஆனால் எல்லாரும் போய்விடவில்லை. ஒரு சிறு குழு, செய்தி சேகரிக்க வேண்டும் என்று மூழ்கிய நகரத்துக்குள் திரும்பிச் சென்றது.

அச்சு இயந்திரம் நின்றுவிட்டது. ஆயினும் ஏடு நிற்கவில்லை. மூன்று நாட்கள் அது இணையத்தில் மட்டும் வெளிவந்தது. கூரைமேலும் மாடியறையிலும் சிக்கியவர்கள் இருந்த முகவரிகளை, தொலைவில் இருந்த உறவினர் ஏட்டின் இணையதளத்தில் எழுதினர். அதைப் பார்த்து மீட்புப் பணியாளர் சென்ற நிகழ்ச்சிகள் உண்டு. செப்டம்பர் 2 அன்று, பக்கத்து ஊரான ஹூமாவின் அச்சகத்தில் காகித ஏடு மீண்டும் அச்சாயிற்று. இந்த நாட்களின் தொண்டுக்காக 2006-இல் அவ்வேட்டுக்குப் புலிட்சர் பரிசுகள் கிடைத்தன.

பரிசைவிட எங்களைக் கவர்ந்தது வேறொன்று. அந்த நாட்களில் நகரத்தில் வதந்திகளும் வெள்ளம்போல் பரவின. மக்கள் தஞ்சம் புகுந்திருந்த 'சூப்பர்டோம்' விளையாட்டரங்கில் கொலைகள் மலிந்தன என்றனர். மாநாட்டு மண்டபத்தின் குளிர்பதன அறையில் முப்பது, நாற்பது உடல்கள் கிடக்கின்றன என்றனர். இந்தப் பின்செய்தியை டைம்ஸ்-பிக்கயூனே நம்பி வெளியிட்டும்விட்டது. இத்தகைய பேச்சுகளால் உதவிக்கு வந்தவர்களே உள்ளே செல்ல அஞ்சினர். வெள்ளம் வடியத் தொடங்கியபின் அவ்வேட்டின் நிருபர்கள் மருத்துவர்களிடமும் காவலரிடமும் படைவீரரிடமும் ஒவ்வொன்றாகக் கேட்டு விசாரித்தனர். விளையாட்டரங்கில் இறந்தவர் ஆறு பேர். அவர்களுள் கொலையுண்டவர் எவரும் இல்லை. மாநாட்டு மண்டபத்தில் காணப்பட்ட உடல்கள் நான்கு. இவற்றை செப்டம்பர் 26 அன்று அவ்வேடே வெளியிட்டது; தான் முன்பு எழுதியதும் தவறு என்பது அதனால் வெளிப்பட்டது.

இங்கேதான் எங்களுக்கு அந்த விடுமுறைப் படம் நினைவுக்கு வந்தது. தவறு எங்கும் நேரும்; நல்ல ஏட்டிலும் நேரும். ஆனால் ஏட்டுக்கு ஒரு பெயர் உண்டு, ஒரு முகவரி உண்டு, நாளைக்கும் அதே வாசலுக்கு வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் உண்டு. ஆகவே அது திரும்பிச் சென்று விசாரித்துத் திருத்துகிறது. தேதி வெட்டப்பட்ட படத்தைத் திருத்த ஒருவரும் வரவில்லை.

விளம்பரம் எங்கே போயிற்று?

இவ்வளவு தொண்டு செய்த ஏடு நன்றாக வாழ்ந்திருக்கும் என்றுதானே எண்ணுவோம்? நாங்களும் அப்படித்தான் எண்ணினோம். ஆனால் வெள்ளத்தைவிடப் பெரிய இடர் வேறு வழியில் வந்துகொண்டிருந்தது.

1995-இல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கிய 'கிரெய்க்ஸ்லிஸ்ட்' என்னும் இணைய சேவையில், வீடு வாடகைக்கு என்றும் பழைய மேசை விற்பனைக்கு என்றும் எவரும் பெரும்பாலும் இலவசமாகவே அறிவிக்க முடிந்தது. வரி விளம்பரத்துக்கு யார் இனிப் பணம் கட்டுவார்? பின்னர் கூகுளும் ஃபேஸ்புக்கும் வளர்ந்தன. ஜவுளிக்கடைக்காரர் ஊர் முழுவதற்கும் விளம்பரம் செய்வதை விட்டு, துணி வாங்க எண்ணுபவர் கண்ணில் மட்டும் படுமாறு விளம்பரம் செய்ய அவை வழி செய்தன. வணிகருக்கு இது இலாபமே. ஆனால் அந்தப் பணத்தில் நிருபருக்குப் போகும் பங்கு அற்றுப்போயிற்று.

அமெரிக்க நாளேடுகளின் விளம்பர வருவாய் 2005-இல் சுமார் 4,900 கோடி டாலர். 2020-இல் அது 1,000 கோடி டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது. 2008-இல் அந்நாட்டு நாளேடுகளின் செய்திப் பிரிவுகளில் சுமார் 71,000 பேர் பணிபுரிந்தனர். 2020-இல் சுமார் 31,000 பேரே எஞ்சினர். டென்வர் நகரின் 'ராக்கி மவுண்டன் நியூஸ்' தன் 150-ஆம் ஆண்டு நிறைவுக்குச் சில வாரங்களே இருந்தபோது, 2009 பிப்ரவரியில் நின்றுபோயிற்று.

நியூ ஆர்லியன்ஸின் முறை 2012-இல் வந்தது. இனி வாரத்துக்கு மூன்று நாட்களே அச்சிடுவோம், மற்ற நாட்களில் இணையத்தில் படியுங்கள் என்று நிறுவனம் அறிவித்தது. சுமார் 200 ஊழியர்கள் வேலை இழந்தனர். 175 ஆண்டு வழக்கம் அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளோடு முடிந்தது. நகரத்தார் கூட்டம் கூட்டி எதிர்த்தனர். வீட்டில் இணைய இணைப்பு இல்லாத முதியோரும் ஏழைகளும் அங்கே பலர்; அவர்களுக்கு மரண அறிவிப்பும் புயல் அறிவிப்பும் அந்தக் காகிதத்தில்தான் வந்தன. அந்த வெற்றிடத்தில், 'அட்வகேட்' என்னும் பேட்டன் ரூஜ் நகர ஏடு நியூ ஆர்லியன்ஸுக்கு ஒரு தினப்பதிப்பைத் தொடங்கியது. 2019-இல் அதுவே டைம்ஸ்-பிக்கயூனை விலைக்கு வாங்கி இணைத்துக்கொண்டது. பழைய ஏட்டின் ஊழியர் அனைவருக்கும் பணி நீக்க அறிவிப்பு வந்தது. அவர்களுள் சிலரே மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். பெயர் பிழைத்தது; உழைத்தவர் பலர் வெளியேறினர்.

நிருபர் குறைந்தால் ஊருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். அட்வகேட் செய்த ஒரு பணியையே விடையாகக் கூறுகிறோம். லூசியானா மாநிலத்தில் பெருங்குற்ற வழக்குகளில், 12 ஜூரிகளில் 10 பேர் 'குற்றவாளி' என்றாலே போதும், ஒருவரை ஆயுள் முழுவதும் சிறையில் அடைக்கலாம் என்ற சட்டம் இருந்தது. கறுப்பின ஜூரிகளின் குரலுக்கு மதிப்பில்லாமல் செய்வதற்காக 1898-இல் வேரூன்றிய வழக்கம் அது. அட்வகேட்டின் நிருபர்கள் நீதிமன்றம் நீதிமன்றமாகச் சென்று பழைய வழக்குகளின் ஏடுகளைப் புரட்டி, அச்சட்டத்தால் யார் எவ்வளவு பாதிக்கப்பட்டனர் என்பதை 2018-இல் எழுதினர். அவ்வாண்டு நவம்பரில் மக்கள் வாக்களித்து அச்சட்டத்தை மாற்றினர். அந்த ஏடுகள் என்றும் அங்கேயேதான் இருந்தன. அவற்றைப் புரட்டிப் பார்க்க, சம்பளம் பெறும் ஒருவர் தேவைப்பட்டார்.

நம் ஊரின் நிலை

இது ஏதோ தொலைதூர நாட்டுக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். சென்னையில் 1878-இல் தோன்றிய 'தி இந்து', 1995-இலேயே இணையத்தில் இடம்பெற்ற நாளேடு. 2015 டிசம்பர் 2 அன்று சென்னைப் பெருவெள்ளத்தால் ஊழியர்கள் மறைமலைநகர் அச்சகத்துக்குச் செல்ல முடியாமல், அதன் சென்னைப் பதிப்பு அச்சாகவில்லை. அவ்வேட்டின் வரலாற்றில் அதுவே முதன்முறை. நியூ ஆர்லியன்ஸில் போலவே இங்கும் இணையம் கைகொடுத்தது. எங்கே படகு வேண்டும், எங்கே உணவு கிடைக்கும் என்ற செய்திகள் கைப்பேசி வழியே பரவிப் பலருக்கு உதவின. அதே கைப்பேசிகளில்தான், முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி வெள்ளத்தில் வருகின்றன என்ற பொய்யும் பரவியது. பண்ணையினர் மறுக்க வேண்டியதாயிற்று.

நம் வீட்டுப் பெரியவர்கள் ஆவலோடு காத்திருந்து படித்த 'கல்கி' வார இதழும் 2020-இல் அச்சை விட்டு மின்னிதழாயிற்று. எங்கள் தோழியின் தந்தையிடம் முன்பு ஆறு சைக்கிள் பையன்கள் இருந்தனர். இப்போது இரண்டு பேர். எங்கள் வகுப்பில் நாளிதழ் வாங்கும் வீடுகள் எத்தனை என்று கை தூக்கச் சொன்னபோது உயர்ந்த கைகள் மிகச் சிலவே. உயர்த்தாதவர்கள் செய்தியே அறியாதவர்கள் அல்லர். முன்னைவிட அதிகமாகவே அறிகிறார்கள். எங்கிருந்து அறிகிறோம் என்பதைத்தான் அறியவில்லை.

புதிய இடர்கள்

செய்தியைப் பரப்பும் பெரிய நிறுவனங்கள் அதை எழுதும் ஏடுகளுக்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும் என்று சில நாடுகள் சட்டம் செய்தன. 2021-இல் ஆஸ்திரேலியாவும் 2023-இல் கனடாவும் இவ்வழியில் சென்றன. கனடாவில் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா, பணம் கொடுப்பதற்குப் பதிலாகத் தன் தளங்களில் செய்திகளையே நிறுத்திவிட்டது. அது 2023 ஆகஸ்ட் மாதம். அதே மாதத்தில் கனடாவின் வடமேற்கில் காட்டுத் தீ பரவி, யெல்லோநைஃப் நகர மக்கள் ஊரைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. எந்தச் சாலை திறந்திருக்கிறது என்ற ஏட்டுச் செய்தியை அவர்கள் ஃபேஸ்புக்கில் பகிர முடியவில்லை. வாசலையே பிறரிடம் ஒப்படைத்துவிட்டால், அவர் கதவைச் சாத்தும்போது நாம் வெளியே நிற்க வேண்டியதுதான்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. கேள்வி கேட்டால், பல ஏடுகள் எழுதியதைச் சுருக்கி அதுவே விடை சொல்லிவிடுகிறது. வாசகர் ஏட்டின் பக்கத்துக்குப் போவதே இல்லை. போகாவிட்டால் ஏட்டுக்கு வருவாயும் இல்லை. தன் கட்டுரைகளை அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக 'நியூயார்க் டைம்ஸ்' 2023 டிசம்பரில் இரு பெருநிறுவனங்கள்மீது வழக்குத் தொடர்ந்தது. அந்த இயந்திரம் எவ்வளவு கற்றதாயினும், நகராட்சிக் கூட்டத்துக்கு நடந்து போகாது. வெள்ளத்தில் இறங்கி ஒருவரிடம் பேசாது. யாரோ ஒருவர் போய்ப் பார்த்து எழுதினால்தான் அதற்கும் சுருக்க ஏதாவது கிடைக்கும்.

வழியே இல்லையா என்றால், உண்டு. நியூயார்க் டைம்ஸ் 2011-இல் இணைய வாசகரிடம் சந்தா கேட்கத் தொடங்கியபோது பலர் நகைத்தனர். 2023-இல் அதன் சந்தாதாரர் ஒரு கோடியைக் கடந்தனர். இங்கிலாந்தின் 'கார்டியன்' ஏட்டுக்கு வாசகர்கள் தாமே விரும்பி நன்கொடை அனுப்புகின்றனர். ஆனால் உலகப் புகழ்பெற்ற ஏட்டுக்கு எளிதாவது, ஒரு சிறு நகரத்தின் ஏட்டுக்கு எளிதாவதில்லை. நம் தெருவின் குடிநீர்க் குழாயைப் பற்றி எழுத நியூயார்க்கிலிருந்து எவரும் வரமாட்டார்.

நாம் செய்யக்கூடியது

விளம்பரதாரர் போய்விட்டார். இனிச் செய்திக்கு விலை கொடுப்பவர் மூவருள் ஒருவர்தாம். அரசோ பெருஞ்செல்வரோ கொடுத்தால் செய்தி அவர்கள் முகம் பார்க்கும். வாசகராகிய நாம் கொடுத்தால் நம் முகம் பார்க்கும். எவருமே கொடுக்காவிட்டால் தேதி வெட்டப்பட்ட படங்களே நமக்கு எஞ்சும். எல்லா வீட்டிலும் எல்லா ஏடுகளும் வாங்க இயலாது என்பதை அறிவோம். ஒரு வீட்டுக்கு ஓர் ஏடு, காகிதத்திலோ இணையத்திலோ, உரிய விலை கொடுத்து வாங்கலாமே என்று பெற்றோரை அன்புடன் வேண்டுகிறோம். இயலாத வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளி நூலகத்தின் நாளிதழ் மேசை இருக்கிறது. அங்கே இடைவேளையில் இடம் காலியாகவே கிடக்கிறது.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் பழமொழி. ஆகவே எங்கள் வகுப்பில் ஒரு வழக்கத்தைத் தொடங்கியிருக்கிறோம். காலைக் கூட்டத்தில் செய்தி வாசிப்பவள் ஒவ்வொரு செய்திக்கும் அது வந்த ஏட்டின் பெயரையும் தேதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாத செய்தியை வாசிக்கக் கூடாது. முதல் வாரத்தில் இரண்டு செய்திகளே தேறின. இப்போது ஐந்தாறு தேறுகின்றன. வீட்டுக் கைப்பேசியிலும் அதே விதியைக் கடைப்பிடிக்க முயல்கிறோம். அத்தைமார் சில வேளை வருத்தப்படுகிறார்கள்.

அன்று விட்டுப்போன கணிதத் தேர்வின் மதிப்பெண் எங்களுக்குத் திரும்பி வரவில்லை. தகுந்த விலை கொடுத்துத்தான் இந்தப் பாடத்தைக் கற்றோம். தோழியரே, அடுத்த மழையின்போது உங்களுக்கு ஒரு படம் வந்தால், பிறருக்கு அனுப்புமுன் சிஸ்டர் எங்களிடம் கேட்ட அந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: "இதைச் சொன்னது யார்?"